சாவி யார் கையில்? வாசகர் கேள்வி–பதில்

இங்கிலாந்தில் ஆங்கிலிக்கன் கோயிலுக்குப் போகும் வாசகர்களிடமிருந்து இந்த முறை ஒரே மாதிரிக் கடிதங்கள் வந்திருக்கின்றன. கோயிலில் யாருக்கு என்ன அதிகாரம் என்பதுதான் எல்லோருக்கும் குழப்பம். கொஞ்ச காலம் சர்ச் வார்டனாக, அதாவது மக்கள் தேர்ந்தெடுக்கும் கோயில் பொறுப்பாளராக, இருந்தவன் என்பதால் ஆசிரியர் அவற்றை என் பக்கம் தள்ளிவிட்டார். இங்கே சொல்வதெல்லாம் இங்கிலாந்துத் திருச்சபையின் முறை. மற்ற நாட்டு ஆங்கிலிக்கன் சபைகளுக்குத் தனித்தனிச் சட்டங்கள் உண்டு.

ஐயா, எங்கள் கோயிலில் இருப்பவர் விகார். அடுத்த ஊரில் இருப்பவர் ரெக்டர். இப்போது கியூரேட் என்று ஒருவர் வேறு வந்திருக்கிறார். இவர்களில் யார் பெரியவர்?

விகாரும் ரெக்டரும் ஒரு கோயிலுக்குப் பொறுப்பான குருவானவர்களே, இருவரும் சமம்தான். வித்தியாசம் வயலில் ஆரம்பித்தது. அந்தக் காலத்தில் ஊர் விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு தசமபாகமாகக் கோயிலுக்குப் போகும். அதை முழுதாக வாங்கியவர் ரெக்டர். பல ஊர்களில் தானியத்தில் வரும் பெரிய தசமபாகத்தை ஏதாவது ஒரு மடம் எடுத்துக்கொண்டு, மிச்சமிருந்த சிறு பங்கை அங்கே ஊழியம் செய்த குருவானவருக்கு விட்டது. அவர் விகார். 1836-ல் வந்த சட்டம் தானியத்தைப் பணமாக மாற்றியது, 1936-ல் வந்தது அந்தப் பணத்தையும் ஒழித்தது. பட்டம் மட்டும் கோயில் வாசல் பலகையில் தங்கிவிட்டது. பல கோயில்கள் ஒரே குழுவாக இருக்கும் இடத்தில் மட்டும் டீம் ரெக்டர் என்பவர் டீம் விகார்களுக்குத் தலைவராக இருப்பார்.

இந்தப் பழைய கதைக்கு ஒரு வால் இருக்கிறது. கோயிலில் பீடம் இருக்கும் பகுதியைப் பழுதுபார்ப்பது ரெக்டரின் கடமையாக இருந்தது. மடங்களின் நிலம் கைமாறியபோது அந்தக் கடமையும் நிலத்தோடு ஒட்டிக்கொண்டே போனது. வாரிக்ஷயரில் ஆஸ்டன் கான்ட்லோ என்ற ஊரில் ஒரு பண்ணைக்குச் சொந்தக்காரர்களான தம்பதியிடம் கோயில் மன்றம், அதாவது கோயிலின் நிர்வாகக் குழு, அந்தச் செலவைக் கேட்டது. வழக்கு அன்று உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை வரை போய் 2003-ல் மன்றத்தின் பக்கம் தீர்ந்தது. ஒன்றரை லட்சம் பவுண்டுக்கு மேல் அவர்கள் தலையில் விழுந்தது. சட்டப்படி சரிதான். ஆனாலும் அந்த மன்றத்தில் நான் உட்கார்ந்திருந்தால் எனக்குத் தூக்கம் வந்திருக்காது.

கியூரேட் என்பவர் திருப்பணிக்கான அபிஷேகம் பெற்றுப் புதிதாக வந்தவர், மூத்த குருவானவர் ஒருவரிடம் மூன்று நான்கு வருடம் பயிற்சி பெறுகிறார். முதல் வருடம் பெரும்பாலும் குருவானவருக்கு முந்தைய படியான டீக்கனாகத்தான் இருப்பார். திருவிருந்து நடத்தவோ, பாவமன்னிப்பு கூறவோ, ஆசீர்வாதம் சொல்லவோ அவரால் அப்போது முடியாது. வயதில் இளையவராக இருந்தால் இளைஞர் கூட்டம், ஞாயிறுப் பள்ளி, கோயிலின் முகநூல் பக்கம் எல்லாவற்றையும் அவர் தலையில் கட்டுகிறார்கள். அது வேண்டாம். அவர் கற்றுக்கொள்ள வந்திருக்கிறார்.

என்னை வார்டனாக நிற்கச் சொல்லி இரண்டு பேர் வற்புறுத்துகிறார்கள். 'பெரிய வேலை ஒன்றும் இல்லை' என்கிறார்கள். நம்பலாமா?

நம்பாதீர்கள் அம்மா. அப்படிச் சொன்னவர்களில் ஒருவராவது முன்னாள் வார்டனாக இருப்பார், விடுதலை கிடைத்த மகிழ்ச்சியில் பேசுகிறார்.

ஒரு பாரிஷுக்கு, அதாவது கோயிலுக்கு உட்பட்ட ஊர்ப்பகுதிக்கு, இரண்டு வார்டன்கள். ஞானஸ்நானம் பெற்று, திருவிருந்தில் பங்கெடுத்து, கோயில் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள, 21 வயது நிரம்பியவர்கள் நிற்கலாம். தேர்தல் ஒவ்வொரு வருடமும் மே 31-க்குள் நடக்க வேண்டும். 2001-ஆம் ஆண்டின் வார்டன் சட்டப்படி தொடர்ந்து ஆறு முறை இருந்துவிட்டால், இரண்டு வருடம் விலகி இருக்க வேண்டும். வார்டன்களைத் தேர்ந்தெடுக்கும் ஊர்க்கூட்டம் இந்தக் கட்டுப்பாடு எங்களுக்கு வேண்டாம் என்று தீர்மானம் போட்டால் தொடரலாம். அந்தத் தீர்மானத்தை எளிதில் போடாதீர்கள். இருபது வருடம் ஒருவரே வார்டனாக இருக்கும் கோயிலில் புதிதாக வருபவர் நாற்காலியை நகர்த்தவும் பயப்படுவார்.

தேர்ந்தெடுத்தால் மட்டும் போதாது, பேராயருக்குத் துணையான மூத்த குருவானவர் ஆர்ச்டீக்கன் நடத்தும் ஆராதனையில் உறுதிமொழி எடுத்த பிறகுதான் பதவி. அதற்குக் காரணம் உண்டு. வார்டன் விகாரின் உதவியாளர் இல்லை, பேராயரின் அலுவலர். சபையாருக்குப் பிரதிநிதியும் அவரே, விகாரோடு ஒத்துழைக்க வேண்டியவரும் அவரே. விகார் தவறாகப் போனால் பேராயரிடம் சொல்ல வேண்டிய கடமையும் அவருக்குத்தான். இந்த மூன்றையும் ஒரே ஆள் சுமப்பதுதான் இந்தப் பதவியின் கஷ்டம், அழகும்கூட.

அன்றாடம் என்ன வேலை என்று கேட்பீர்கள். வெள்ளிக் கிண்ணம், தட்டு, மெழுகுவர்த்தித் தண்டு என்று கோயிலின் அசையும் பொருள்களுக்குச் சட்டப்படி உரிமையாளர்கள் வார்டன்களே. மக்களுக்காக வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். மன்றத்தின் சம்மதமும், பேராயரின் ஆளுகைப் பகுதியான திருமண்டலத்தின் நீதிபதி தரும் ஃபேகல்டி என்ற அனுமதியும் இல்லாமல் ஒரு கரண்டியைக்கூட விற்க முடியாது. பொருள் பட்டியலைச் சரிபார்க்க வேண்டும். கட்டடத்தை வருடம் ஒரு முறையாவது சுற்றிப் பார்த்து மன்றத்துக்கு அறிக்கை கொடுக்க வேண்டும். ஐந்து வருடத்துக்கு ஒரு முறை ஆர்க்கிடெக்ட் வந்து பார்ப்பார், அவர் எழுதிவைத்துப் போவதைச் செய்து முடிக்க அடுத்த ஐந்து வருடமும் சரியாக இருக்கும். இலையுதிர் காலத்தில் மழைநீர்க் குழாய்களைப் பாருங்கள். நான் பார்த்த கோயில்களில் சுவரைக் கெடுத்தது பெரும்பாலும் வாரப்படாத இலைகள்தான். காணிக்கையை எப்போதும் உறவில்லாத இருவர் சேர்ந்து எண்ணி, இருவரும் கையெழுத்துப் போடுங்கள். பாய்லர் பழுதானால் உங்களைத்தான் கூப்பிடுவார்கள், அதற்குச் சட்டம் எதுவும் தேவையில்லை.

இவ்வளவுக்கும் சம்பளம் கிடையாது. இருந்தாலும், நில்லுங்கள் என்றுதான் சொல்வேன். கூட நிற்பவர் யார் என்று மட்டும் முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் விகார் வந்த நாளிலிருந்து எல்லாவற்றையும் மாற்றுகிறார். பி.சி.சி.யில் பெரும்பான்மை எங்களிடம் இருக்கிறது. ஓட்டுப் போட்டு அவரை நீக்க முடியாதா?

முடியாது. பி.சி.சி., அதாவது கோயில் மன்றம், அவருக்கு முதலாளி இல்லை. அவருடைய மாதப் படியையும் நீங்கள் நேரே கொடுப்பதில்லை. நீங்கள் கட்டும் பங்கு திருமண்டலத்துக்குப் போகிறது, படி தனி வழியில் வருகிறது. அவர் யாருக்கும் ஊழியரும் இல்லை, பதவி வகிப்பவர். வூஸ்டர் திருமண்டலத்து ரெக்டர் ஒருவர் தொடுத்த வழக்கில் 2015-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதையே சொன்னது. பேராயர்கூட நினைத்தவுடன் அனுப்பிவிட முடியாது. ஒழுக்கத் தவறு இருந்தால் அதற்குத் தனி விசாரணை முறை உண்டு. 'மாற்றுகிறார்' என்பது அந்தக் கணக்கில் வராது.

அதற்காக மன்றம் கைகட்டி உட்கார வேண்டும் என்றும் இல்லை. 1919-க்கு முன் சாதாரண விசுவாசிக்கு இதில் அதிகம் இடமில்லை. அந்த வருடச் சட்டமும் அதைத் தொடர்ந்த 1921-ஆம் ஆண்டுச் சட்டமும்தான் மன்றத்துக்குச் சட்ட உரு கொடுத்தன. பின்னாளில் கேன்டர்பரி தலைமைப் பேராயரான வில்லியம் டெம்பிள் போன்றவர்கள் அதற்காக ஊர் ஊராகப் பேசினார்கள். இன்று பணமும் கட்டடப் பராமரிப்பும் மன்றத்தின் கையில். எந்த ஆராதனை முறையைப் பயன்படுத்துவது என்பதை விகாரும் மன்றமும் சேர்ந்துதான் முடிவு செய்ய வேண்டும். ஆர்கன் வாசிப்பவரை விகார் நியமித்தாலும் மன்றத்தின் சம்மதம் வேண்டும். பிரசங்கம் மட்டும் அவருடையது. அதன் நீளத்தைக் குறைக்க உங்கள் பெரும்பான்மை உதவாது.

பெரும்பான்மையை எண்ணுவதை விட்டுவிட்டு, எந்த மாற்றம் உறுத்துகிறது என்று ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுத்து, இரண்டு வார்டன்களும் அவரை வீட்டில் போய்ப் பாருங்கள். கூட்டத்தில் பேசாதீர்கள். குறிப்பேட்டில் எழுதப்பட்ட சண்டை லேசில் ஓயாது. அது பலிக்காவிட்டால் ஆர்ச்டீக்கன்.

எங்கள் விகார் எழுபது வயதாகி ஓய்வு பெறுகிறார். அடுத்தவர் வரும்வரை யார் பார்ப்பார்கள்? அவரை யார் தேர்ந்தெடுப்பார்கள்?

பார்ப்பவர்கள் நீங்கள்தான். இடைக்காலத்தில் வார்டன்களும், சுற்றுவட்டாரக் கோயில்களைக் கவனிக்கும் குருவானவரான ரூரல் டீனும் ஆராதனைகளுக்கு ஆள் ஏற்பாடு செய்வார்கள். மன்றத்துக்கு விசுவாசிகளில் ஒருவரான துணைத் தலைவர் தலைமை தாங்குவார். நல்ல விகார் இருக்கும்போது எல்லாக் கோயிலும் நன்றாகத்தான் தெரியும். உண்மையில் சபை எப்படி என்று இந்த மாதங்களில்தான் தெரியவரும். ஓய்வுபெற்ற குருவானவர்களின் தொலைபேசி எண்களை இப்போதே சேர்த்துவையுங்கள், கிறிஸ்துமஸ் நெருங்கும்போது யாரும் கிடைக்க மாட்டார்கள்.

தேர்வு விஷயத்தில், பெயர் சொல்லும் உரிமை பேட்ரன் என்பவருக்கு. அது பேராயராக இருக்கலாம், ஒரு கல்லூரியாக இருக்கலாம், நிலக்கிழார் குடும்பமாகவும் இருக்கலாம். ஆனால் 1986-ஆம் ஆண்டுச் சட்டப்படி மன்றம் இரண்டு பிரதிநிதிகளை அனுப்புகிறது, பெரும்பாலும் வார்டன்களே போவார்கள். அவர்கள் இருவரும் பேராயரும் ஒப்புக்கொள்ளாமல் பேட்ரன் யாரையும் அழைக்க முடியாது. முதலில் மன்றம் தன் கோயிலைப் பற்றி ஓர் அறிக்கை எழுத வேண்டும். அதில் பொய் எழுதாதீர்கள். 'துடிப்பான இளைஞர் ஊழியம்' என்று படித்துவிட்டு வருபவர் முதல் ஞாயிறே இரண்டு பிள்ளைகளைப் பார்த்தால் யாருக்கு மரியாதை?

புதியவர் பதவியேற்கும்போது பேராயர் 'உன்னுடையதும் என்னுடையதுமான' ஆத்தும பராமரிப்பை ஏற்றுக்கொள் என்று சொல்லி ஒப்படைப்பார். ஆர்ச்டீக்கன் அவரைக் கைப்பிடித்துக் கோயில் கதவுக்கு அழைத்துப் போவார். பிறகு அவரே மணி அடிப்பார். எத்தனை முறை அடிக்கிறாரோ அத்தனை வருடம் இருப்பார் என்று கிராமங்களில் ஒரு பேச்சு. அந்த நேரத்தில் வார்டன்கள் எண்ணிக்கொண்டிருப்பதைக் கவனியுங்கள்.

கோயில் பக்கமே வராத என் வீட்டுக்காரர் வார்டன் தேர்தலில் ஓட்டுப் போடலாம் என்கிறார். சரியா?

சரிதான். பாரிஷ் எல்லைக்குள் வசித்து, உள்ளாட்சி வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும். மன்றத் தேர்தலில் மட்டும் அவருக்கு ஓட்டு இல்லை. அழைத்து வாருங்கள், கூட்டம் முடிந்ததும் நாற்காலி மடக்க ஆள் வேண்டும்.

நீலப் பட்டை அணிந்த அம்மா ஒருவர் விகாரைவிட நன்றாகப் பிரசங்கிக்கிறார். ஆனால் கடைசியில் ஆசீர்வாதம் சொல்லாமல் ஜெபத்தோடு முடித்துவிடுகிறார். ஏன்?

அவர் ரீடர், அபிஷேகம் பெறாதவர். 1866-ல் பேராயர்கள் மீட்டெடுத்த பதவி இது, பெண்களுக்கு 1969-ல் திறந்தது. பிரசங்கம், காலை மாலை ஜெப ஆராதனை, அனுமதி பெற்று அடக்க ஆராதனை எல்லாம் அவர் நடத்தலாம். திருவிருந்து, பாவமன்னிப்பு, ஆசீர்வாதம், திருமணம் ஆகியவை அவர் கையில் இல்லை. பிரசங்கம் நன்றாக இருந்தால் அதை அவரிடமே சொல்லுங்கள். விகார் காதில் விழும்படி வேண்டாம்.

வார்டன்கள் ஊர்வலத்தில் பிடித்துவரும் கோல் வெறும் அலங்காரமா?

ஒன்றின் தலையில் பேராயரின் மைட்டர் என்ற உயரமான தொப்பி, இன்னொன்றில் கிரீடம் என்று பார்த்திருப்பீர்கள். விகாரின் வார்டன், மக்களின் வார்டன் என்று பிரித்த காலத்தின் அடையாளம் அது. இன்று இருவரும் ஒரே கூட்டத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட சமமானவர்கள்.

ஆனால் ஆராதனையில் ஒழுங்கைக் காப்பது இன்றும் வார்டனின் கடமை. அதற்கு 1860-ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று துணை நிற்கிறது. 1998 ஈஸ்டர் அன்று கேன்டர்பரி பேராலயத்தில் தலைமைப் பேராயர் ஜார்ஜ் கேரி பிரசங்கித்துக்கொண்டிருந்தபோது, ஓரினச் சேர்க்கையாளர் உரிமைக்காகப் பீட்டர் டாட்செல் பிரசங்க பீடத்தில் ஏறிப் பேசினார். அந்தச் சட்டத்தின் கீழ்தான் அவருக்குத் தண்டனை. அபராதம் 18 பவுண்டு 60 பென்ஸ். சட்டம் வந்த ஆண்டைப் பார்த்துத்தான் மாஜிஸ்திரேட் அந்தத் தொகையைப் போட்டார் என்று அப்போது பேசிக்கொண்டார்கள்.