கணினி கேள்வி பதில்: அழித்துப் போடத் தேவையில்லை

கேள்வி: என் மடிக்கணினியில் விண்டோஸ், உபுண்டு இரண்டும் இருக்கின்றன. போன வாரம் விண்டோஸ் அப்டேட் ஆனதிலிருந்து எதில் நுழைவது என்று கேட்கும் பட்டியலே வரவில்லை, நேராக விண்டோஸ்தான் திறக்கிறது. கடையில் கேட்டால் எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட 120 வெள்ளி என்கிறார்கள். இது இரண்டாவது தடவை. அடுத்த முறையாவது சுலபமாக மீட்க வழி உண்டா?
- வாசகி, ஈசூன்

பதில்: அந்த 120 வெள்ளியைக் கொடுக்காதீர்கள் சகோதரி. உங்கள் உபுண்டு அநேகமாக அப்படியேதான் இருக்கும். இரண்டு சிஸ்டத்தின் தொடக்கக் கோப்புகளும் டிஸ்கில் இஎஃப்ஐ என்ற ஒரு சின்னப் பகுதியில் தனித்தனி ஃபோல்டரில் இருக்கும், எது முதலில் என்ற வரிசை மட்டும் மதர்போர்டின் நினைவகத்தில் இருக்கும். சில சமயம் அப்டேட்டுக்குப் பிறகு அந்த வரிசையில் விண்டோஸ் மேலே போய்விடும். கணினியைத் திறந்தவுடன் எஃப்2 அல்லது எஃப்12 அழுத்தி (தயாரிப்பாளரைப் பொறுத்து மாறும்) பூட் வரிசையில், அதாவது அந்தத் தொடக்க வரிசையில், உபுண்டுவை மேலே ஏற்றிப் பாருங்கள். அங்கே அந்தப் பெயரே இல்லையென்றால், உபுண்டு ஏற்றிய தம்ப் டிரைவில் தொடங்கி, பூட் ரிப்பேர் என்ற இலவசக் கருவியை ஓடவிடுங்கள்.

சரி, அடுத்த முறைக்கு வருவோம். எதையும் தொடுவதற்கு முன், டிஸ்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரின் 48 இலக்க மீட்பு எண்ணைத் தாளில் எழுதி வையுங்கள். பல விண்டோஸ் 11 கணினிகளில் நாம் கேட்காமலே டிஸ்க் பூட்டப்பட்டிருக்கும், பூட் அமைப்பை மாற்றினால் அந்த எண்ணைக் கேட்கும். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் தேடினால் பெரும்பாலும் கிடைக்கும்.

அப்புறம் முழு டிஸ்கையும் க்ளோன்ஸில்லாவால் ஒரு வெளி ஹார்டு டிஸ்குக்குப் படியெடுங்கள். தைவான்காரர்கள் உருவாக்கிய இலவச மென்பொருள் இது, திரை கரடுமுரடாக இருந்தாலும் நம்பி இறங்கலாம். விண்டோஸ், உபுண்டு, அந்தச் சின்ன இஎஃப்ஐ பகுதி எல்லாமே ஒரே படியில் வந்துவிடுவதால் டிஸ்கே செத்துப்போனாலும் அதே அளவு அல்லது அதைவிடப் பெரிய புது டிஸ்கில் அப்படியே இறக்கலாம், எதையும் மறுபடி நிறுவ வேண்டாம். படியெடுக்கும் முன் விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்துங்கள். அது இருக்கும்வரை விண்டோஸ் முழுசாக அணையாது, பாதித் தூக்கத்தில்தான் இருக்கும், அந்த நிலையில் எடுத்த படியை நம்ப முடியாது.

உபுண்டுவுக்கு மட்டும், சிஸ்டத்தைப் பழைய நிலைக்குத் திருப்ப உதவும் டைம்ஷிஃப்ட் என்ற கருவியைப் போட்டால் போதாதா என்று சிலர் கேட்பார்கள். அது சிஸ்டத்தைத்தான் காக்கும். உங்கள் படங்களையும் ஆவணங்களையும் தானாக எடுக்காது. அவற்றை வேறு இடத்தில் தனியாகச் சேமியுங்கள், தயவுசெய்து இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: உபுண்டுவில் வேலை பார்த்துவிட்டு விண்டோஸுக்குத் திரும்பினால் கடிகாரம் 8 மணி நேரம் பின்னால் ஓடுகிறது. பேட்டரி கோளாறா?
- வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது. உபுண்டு உலகப் பொது நேரத்தை மதர்போர்டில் எழுதுகிறது, விண்டோஸ் அதையே சிங்கப்பூர் நேரமாகப் படிக்கிறது, நமக்கும் அதற்கும் வித்தியாசம் சரியாக 8 மணி. உள்ளூர் நேரத்தையே எழுதும்படி உபுண்டுவில் மாற்றினால் சரியாகிவிடும்.