அதே நூறு யூனிட்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அரசுச் சலுகைகளில் நியாயம் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். எனக்கு ஒரே கேள்வி. எங்கள் தெருவில் மூன்று ஏசி ஓடும் வீடு ஒன்று இருக்கிறது. பக்கத்திலேயே ஒரு ஸ்டோர் வீடு, அதாவது ஒரே கட்டடத்தில் நான்கு வாடகைக் குடித்தனம். ஏசி வீட்டுக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம், இவர்களுக்கும் அதே 100 யூனிட். சமம்தான், ஆனால் நியாயமா? வசதியானவர்களுக்கு நிறுத்திவிட்டு ஏழைகளுக்கு 200 ஆகக் கொடுத்தால் என்ன?

க., பழைய வண்ணாரப்பேட்டை

அன்புள்ள க.,

‘இவர்களுக்கும் அதே 100’ என்கிறீர்கள். அங்கேதான் இடிக்கிறது. அந்த ஸ்டோர் வீட்டில் மின்வாரிய மீட்டர் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். பெரும்பாலும் ஒன்றுதான் இருக்கும். மற்றதெல்லாம் ஹவுஸ் ஓனர் மாட்டிய சப் மீட்டர். இலவசம் குடும்பத்துக்கு இல்லை, மீட்டருக்கு. நான்கு குடித்தனத்துக்கும் சேர்த்துத்தான் அந்த 100.

கணக்குப் போட்டுவிடலாம். 2022 செப்டம்பர் கட்டணத்தை எடுத்துக்கொள்கிறேன். பிறகு ஏறியிருக்கிறது, ஆனால் கூட்டிக் கழிக்க அந்த எண்கள் சுலபம். முதல் 100 இலவசம், அடுத்த 100-க்கு யூனிட் 2.25 ரூபாய், 400 வரை 4.50, 500 வரை 6. மொத்தம் 500-ஐத் தாண்டிவிட்டால் 2.25 என்பதே கிடையாது, 101-லிருந்து 400 வரை 4.50, 500 வரை 6, 600 வரை 8.

ஃபிரிட்ஜ், இரண்டு ஃபேன், டிவி உள்ள ஒரு குடித்தனம் 150 யூனிட் ஓட்டுகிறது என்று வையுங்கள். தனி மீட்டர் இருந்தால் பில் 112 ரூபாய் 50 காசு. நான்கு வீட்டுக்கும் 450. அதையே ஒரு மீட்டரில் ஓட்டினால் 600 யூனிட்: 101 முதல் 400 வரை 1,350, அடுத்த நூறுக்கு 600, கடைசி நூறுக்கு 800, ஆக 2,750 ரூபாய். ஓனர் சப் மீட்டருக்கு யூனிட் 8 ரூபாய் என்று வாங்கினால் ஒரு குடும்பம் கொடுப்பது 1,200. அவர் கையில் 2,050 நிற்கும். மோட்டார், மாடிப்படி லைட் என்று கணக்குச் சொல்வார், அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. உங்கள் ஏசி வீடு கீழே ஒன்று, மாடிக்கு ஒன்று என்று இரண்டு இணைப்பு வைத்து அதே 600-ஐ 300, 300 ஆகப் பிரித்துக்கொண்டால் 675-ம் 675-ம் 1,350-ல் முடிந்துவிடும்.

இன்னொரு கோளாறு, 500 என்ற கோடு. 500 யூனிட்டுக்கு பில் 1,725. ஒரு யூனிட் கூடி 501 ஆனால் 1,958. ஒற்றை யூனிட்டுக்கு 233 ரூபாய்! 500-ஐ ஒட்டி ஓடும் வீடு, ரீடிங் எடுப்பவர் நாலு நாள் தள்ளி வந்தாலே கோட்டைத் தாண்டிவிடும்.

சரி, ஏழைகளுக்கு மட்டும் என்றால் ஏழை யார் என்று எதைப் பார்த்துச் சொல்வது? மின்வாரியத்திடம் இருப்பது யூனிட் கணக்கு. அதிகம் ஓடினால் வசதி என்று அது முடிவுகட்டும். கற்பனை இல்லை: 2023-ல் மகளிர் உரிமைத் தொகைக்கு வைத்த தகுதிகளில் ஒன்று, ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குக் குறைவாகப் பயன்படுத்தியிருக்க வேண்டும் என்பது. ஆண்டுக்கு ஆறு பில், நம் ஸ்டோர் வீட்டு மீட்டரில் 600-ஐ ஆறால் பெருக்குங்கள். சரியாக 3,600. ஒவ்வொரு குடும்பமும் ஓட்டியது 900தான். மீட்டரை மட்டும் பார்த்தால் நான்கு பெண்களும் வெளியே.

1997-ல் மத்திய அரசு ரேஷனை வறுமைக்கோட்டால் பிரித்தபோது தமிழ்நாடு எல்லாருக்கும் என்பதை விடவில்லை. பிரித்தால் தகுதியானவர் விடுபடும் இந்த மாதிரிப் பிழை வரும் என்பதும் அதற்கு ஒரு காரணம். வேண்டாதவர் ரேஷன் கடை க்யூவில் நிற்க மாட்டார், தானாகக் கழிந்துவிடுவார். கரண்ட்டுக்கு க்யூ கிடையாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அங்கே உங்கள் கேள்விக்கு வலு இருக்கிறது. ஆனாலும் வசதியானவரைக் கழிக்கும் முன் குடும்பங்களைச் சரியாக எண்ணியாக வேண்டும்.

தனி மீட்டர் வாங்கினால் என்ன என்று கேட்பீர்கள். ஓனர் சம்மதம் வேண்டும், வீடு தனித்தனியாகப் பிரிந்திருப்பதைக் காட்ட வேண்டும். ஸ்டோர் வீட்டில் நடையும் பாத்ரூமும் பொது. 2022 நவம்பரில் மின் இணைப்போடு ஆதாரை இணைக்கச் சொன்னபோதே, வாடகைக்காரர் பெயர் ஏறினால் வீடு கைவிட்டுப் போய்விடுமோ என்று ஓனர்கள் பயந்தார்கள்.

எனக்குத் தோன்றும் வழி, ஒரு மீட்டரின் கீழ் எத்தனை ரேஷன் கார்டு என்று பார்த்து, ஸ்லாபை, அதாவது ஒவ்வொரு கட்டணப் படியின் யூனிட் எல்லையை, அத்தனையால் பெருக்குவது. நான்கு கார்டு என்றால் இலவசம் 400, கோடு 2,000. ஒரு கார்டு ஒரு மீட்டரில்தான் சேர வேண்டும். இல்லாவிட்டால் ஓனர் வீட்டு மாமன் மச்சான் கார்டெல்லாம் அங்கே வந்து உட்கார்ந்துவிடும். உரிமைத் தொகைக்கு மீட்டர் யூனிட்டை கார்டு எண்ணிக்கையால் வகுத்தால் போதும். அப்போது நிராகரிக்கப்பட்டவர்கள் 30 நாளுக்குள் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்ய வழி வைத்திருந்தார்கள். அப்படி ஒரு மனு எழுத நேர்ந்தால் சப் மீட்டர் ரீடிங் குறித்த நோட்டு, வாடகை ஒப்பந்தம், நான்கு குடும்பத்தின் கார்டு நகல் மூன்றையும் சேர்த்து வைக்கச் சொல்லுங்கள். கார்டில் இன்னும் பழைய வீட்டு முகவரி இருந்தால் மனு நிற்காது. அதை முதலில் மாற்ற வேண்டும். அதற்கும் ஓனரிடம்தான் போக வேண்டியிருக்கும்.