அழுகையை நோட்டில் அடக்க முடியாது
சகோதரி, அம்மா இறந்து நான்கு மாதமாகியும், ‘நான் மகிழ்ச்சியாக இருக்கிறேன்’ என்று தினமும் பத்து முறை நோட்டில் எழுதியும் அழுகை நிற்கவில்லை, குற்ற உணர்வுதான் கூடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். குறை உங்களிடம் இல்லை. வலிந்து அடக்கும் நினைவு திரும்பத் திரும்ப வரும் என்பதை, ‘வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள்’ என்று மாணவர்களிடம் சொல்லிப் பார்த்த உளவியலாளர் டேனியல் வெக்னரின் 1987 ஆய்வே காட்டியது. என் தந்தை போன பிறகு, கம்பத்திலிருந்து குமுளி ஏலக்காய்க் கடைக்கு வேலைக்குப் போகும் பேருந்து லோயர்கேம்ப் தாண்டி மலையேறும்போது ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொள்வேன். எந்த நல்வாக்கியமும் தராத ஆறுதலை அது தந்தது. (‘சிரித்த முகமாக இரு’ என்பார் முதலாளி, பாவம், அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.) அதே நோட்டில் அம்மாவைப் பற்றி எழுதுங்கள். தூக்கமும் பசியும் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டிருந்தால், அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மனாஸின் 14416 எண்ணை அழையுங்கள். தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை.