இன்ஹேலர் கேட்காத மூச்சிரைப்பு

கேள்வி: நான் 28-வது வாரத்தில், 1 கிலோ 100 கிராம் எடையில் பிறந்தவள். இரண்டு மாதம் ஆக்சிஜனில் இருந்தேனாம். இப்போது 22 வயது. இரண்டு மாடி ஏறினாலே இரைக்கிறது. வீசிங் என்று இன்ஹேலர் கொடுத்தார்கள், பலனில்லை. குறைமாதத்தில் பிறந்ததற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?
- வாசகி, திருவொற்றியூர்

பதில்: இருக்க நிறையவே வாய்ப்பு உண்டு. நுரையீரலின் காற்றுப்பைகள் 36-வது வாரத்தையொட்டித்தான் மும்முரமாக உருவாகத் தொடங்கும். உங்களுக்கு அந்த வேலை ஆக்சிஜனுக்கும் வென்டிலேட்டருக்கும் நடுவே நடந்திருக்கிறது. அதில் காற்றுப்பைகள் குறைந்தும், மூச்சுக்குழாய்கள் குறுகியும் போகலாம். யாருக்குமே நுரையீரல் திறன் 20-25 வயதில் உச்சம் தொட்டு, பிறகு மெல்ல இறங்கும். உச்சமே தாழ்ந்திருந்தால் இறக்கம் சீக்கிரம் உறைக்கும்.

பார்க்க ஆஸ்துமா போலத்தான் இருக்கும். ஆனால் அலர்ஜியால் வரும் வீக்கம் பலருக்கு இருப்பதில்லை. அதனால் ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுபடாமல் போகலாம். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

ஸ்டான்லி போன்ற பெரிய மருத்துவமனையின் நெஞ்சக நோய்ப் பிரிவில் ஸ்பைரோமெட்ரி (குழாயில் ஊதி நுரையீரல் திறனை அளக்கும் சோதனை) கேளுங்கள். மூச்சுக்குழாயை விரிக்கும் சல்பூட்டமால் இன்ஹேலரைச் சோதனைக்கு எத்தனை மணி நேரம் முன்பே நிறுத்துவது என்று கேட்டுக்கொள்ளுங்கள். வழக்கமாக 4 முதல் 6 மணி நேரம். மூக்கில் கிளிப், உதடு குழாயை இறுக்கிக் கவ்வ வேண்டும். மூச்சை முழுக்க இழுத்து ஒரே வெடிப்பாக ஊதி, 6 வினாடியாவது விடாமல் தொடருங்கள். முதல் வினாடியில் தயங்கினாலோ உதட்டோரம் காற்று கசிந்தாலோ அளவு தப்பு. பிறகு மருந்து கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி ஊதச் சொல்வார்கள். முதல் வினாடியில் வெளிவரும் காற்று மொத்தத்தில் 70 சதவீதத்துக்கு மேல் இருந்தாலே 'நார்மல்' என்றால் ஒப்பாதீர்கள். இளவயதில் அந்தக் கணக்கு கோளாறைத் தவறவிடும். உங்கள் வயது, உயரத்துக்கான நார்மலின் கீழ் எல்லையோடு ஒப்பிடச் சொல்லுங்கள்.

பெரியவர்களிடம் எத்தனையாவது வாரத்தில் பிறந்தீர்கள் என்று டாக்டர்கள் கேட்பது அபூர்வம். நீங்களே சொல்லுங்கள். பழைய டிஸ்சார்ஜ் சீட்டு கிடைத்தால் வாரம், எடை, ஆக்சிஜன் நாட்கள், வென்டிலேட்டர் நாட்கள் நான்கையும் எழுதிக் கொண்டுபோங்கள். ஹீமோகுளோபினும் பாருங்கள், ரத்தசோகையாலும் இரைக்கும்.

உங்கள் பகுதியில் கன்டெய்னர் லாரிப் புழுதிக்கு முகத்தோடு ஒட்டும் என்-95 மாஸ்க் போடுங்கள். துணி மாஸ்க் போதாது. 2023 டிசம்பரில் எண்ணூரில் அமோனியா கசிந்ததே, அப்படிப்பட்ட வாயுவை என்-95 தடுக்காது. காற்று வீசும் திசைக்குக் குறுக்காக விலகிப் போவதே வழி. வீட்டுக்குள் கொசுவத்தியும் சிகரெட்டும் வேண்டவே வேண்டாம். ஃப்ளூ தடுப்பூசி வருடாவருடம் போடுங்கள். நடையை விடாதீர்கள், பேச முடிகிற வேகத்தில் 20 நிமிடம் போதும்.

கால் வீங்கினாலோ, நடக்கையில் மயக்கம் வந்தாலோ எக்கோ (இதய ஸ்கேன்) எடுப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். உதடு நீலம் பாரித்தால் உடனே 108-க்குப் போன் செய்யுங்கள்.