கத்தோலிக்கரும் புராட்டஸ்டன்ட்டும்: வாதம் செய்வதா, சேர்ந்து ஜெபிப்பதா?

கத்தோலிக்கரும் புராட்டஸ்டன்ட் சபையாரும் தங்களுக்குள் விவாதம் செய்ய வேண்டுமா, இல்லை விசுவாசத்தைப் பகிர்ந்துகொண்டால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் வேண்டும் என்பேன். ஆனால் எது முதலில் என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. பன்னிரண்டு வருடம் வரிசையை மாற்றிப் போட்டுவிட்டு, அப்புறம்தான் எனக்கு அது புரிந்தது.

நான் புராட்டஸ்டன்ட் குடும்பத்தில் பிறந்தவன். அக்கா ஒரு கத்தோலிக்கரைத் திருமணம் செய்துகொண்டு, அவருடைய திருச்சபையிலேயே சேர்ந்துவிட்டாள். அன்றிலிருந்து அத்தான் வீட்டுக்கு வருகிறார் என்றாலே வேதாகமத்தைக் கையில் எடுத்துக்கொள்வேன். "தேவனுக்கும் மனுஷருக்கும் மத்தியஸ்தர் ஒருவரேன்னு 1 தீமோத்தேயு 2:5 சொல்லுதே, அப்புறம் மாதாகிட்ட எதுக்கு அத்தான் மன்றாடறீங்க?" என்று ஆரம்பிப்பேன். அவரும் விடமாட்டார். "விசுவாசத்தினால் மட்டும்னு வேதத்துல எங்க இருக்கு தம்பி? யாக்கோபு 2:24-ஐ எடுத்துப் பாருங்க. 'விசுவாசத்தினாலே மாத்திரமல்ல'ன்னுதான் இருக்கு" என்பார். பேச்சு பாப்பரசருக்குத் தாவும், அங்கிருந்து உத்தரிக்கும் ஸ்தலத்துக்கு, அதாவது இறந்தவர்கள் தூய்மை பெறுவதாகக் கத்தோலிக்கர் நம்பும் நிலைக்குத் தாவும். ஒரு கேள்விக்கும் முடிவு வராது. பாதியிலேயே அக்கா எழுந்து உள்ளே போய்விடுவாள்.

அவள் எழுந்து போனதைப் பார்த்தும் நான் நிறுத்தியதில்லை. சத்தியத்துக்காகப் பேசுகிறேன் என்று உண்மையாகவே நம்பினேன். இப்போது யோசித்தால், அக்காவை எங்களிடமிருந்து கொண்டுபோய்விட்டார்கள் என்ற பயமும் கோபமும்தான் அந்த வசனங்களுக்குப் பின்னால் இருந்தன. தன் மனைவி எடுத்த முடிவு தவறு என்று நான் நிரூபிக்கப் பார்ப்பதாகவே அத்தானுக்குத் தோன்றியிருக்கும். இந்த மனநிலையில் இரண்டு பேர் உட்கார்ந்தால் எவ்வளவு நல்ல வாதமும் காதில் ஏறாது.

மாற்றம் வந்தது அப்பாவின் கடைசி நாட்களில். மருத்துவமனையில் இரவு பதினொரு மணி இருக்கும். அப்பாவுக்கு நினைவு வந்து வந்து போய்க்கொண்டிருந்தது. கட்டிலுக்கு ஒரு பக்கம் நான், மறுபக்கம் அத்தான். "ஜெபிக்கலாமா தம்பி?" என்று அவர்தான் கேட்டார். கர்த்தருடைய ஜெபத்தைச் சொல்லலாம் என்று இருவரும் ஒரே நேரத்தில் ஆரம்பித்தோம். அவர் "விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே" என்றார். நான் "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே" என்றேன். வார்த்தைகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. இருவரும் நிறுத்தவில்லை, அவரவர் சொற்களில் போய்க்கொண்டே இருந்தோம். "தீமையிலிருந்து எங்களை விடுவித்தருளும்" என்று சொல்லி அவர் ஆமென் போட்டுவிட்டார். நான் வழக்கம்போல "ராஜ்யமும் வல்லமையும் மகிமையும் என்றென்றைக்கும் உம்முடையவைகளே" என்று தொடர்ந்தேன். அத்தான் காத்திருந்தார். நான் முடித்ததும் எனக்காக இன்னொரு முறை ஆமென் சொன்னார். அப்பாவின் விரல்கள் போர்வையின் மேல் அசைந்தன. எந்தப் பக்கத்து ஜெபத்துக்கு அசைந்தன என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

அந்தக் கடைசி வரியைப் பற்றி முன்பு அவரிடம் சண்டை போட்டிருக்கிறேன். "உங்க ஜெபத்துல பாதியைக் காணோமே" என்று. மத்தேயு நற்செய்தியின் மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகளில் அந்த வரி இல்லை என்பதும், கத்தோலிக்கர் திருப்பலியில் (பூசையில்) குருவின் ஒரு சிறு மன்றாட்டுக்குப் பிறகு அதே வரியைச் சொல்கிறார்கள் என்பதும் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அவர்கள் எதையும் வெட்டி எறியவில்லை, நானும் எதையும் இட்டுக்கட்டவில்லை. ஒருமுறை திருப்பலியில் போய் உட்கார்ந்திருந்தால் தெரிந்திருக்கக்கூடிய விஷயத்துக்குப் பன்னிரண்டு வருடம் ஆனது.

அப்பாவை அடக்கம் செய்த பிறகு, அத்தானும் நானும் ஞாயிறு இரவுகளில் போனில் சேர்ந்து வேதம் வாசிக்கத் தொடங்கினோம். மாற்குவில் ஆரம்பித்தோம். ஓர் அதிகாரம் வாசிப்பது, மனதில் பட்டதைச் சொல்வது, ஒருவருக்காக ஒருவர் ஜெபிப்பது, அவ்வளவுதான். இதன் பிறகும் நாங்கள் வாதம் செய்யாமல் இல்லை. ஆனால் வாதத்தின் தரமே மாறிவிட்டது. முன்பு அவருடைய திருச்சபையைப் பற்றி, அதை எதிர்க்கிறவர்கள் எழுதியதை மட்டும்தான் படித்திருந்தேன். இப்போது அந்தத் திருச்சபையே என்ன சொல்கிறது என்று பார்க்கத் தோன்றியது.

பார்த்தபோது அதிர்ச்சிதான். கிரியைகளால் இரட்சிப்பைச் சம்பாதிக்கலாம் என்று கத்தோலிக்கர் நம்புகிறார்கள் என்பதே என் முக்கியமான குற்றச்சாட்டு. திரிதெந்து சங்கம், அதாவது மார்ட்டின் லூத்தர் தொடங்கிய சீர்திருத்தத்துக்கு எதிராகக் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய அதே சங்கம், 1547-இல் நீதிமானாக்கப்படுதல் (மனிதன் கடவுள் முன் நீதிமானாக ஏற்கப்படுவது) பற்றி வெளியிட்ட கண்டனங்களில் முதலாவது என்ன தெரியுமா? இயேசு கிறிஸ்து வழியாக வரும் கிருபை இல்லாமல், மனிதன் தன் கிரியைகளாலேயே கடவுள் முன் நீதிமானாக முடியும் என்று சொல்பவன் சபிக்கப்பட்டவன் என்பதுதான். பிற்பாடு வரும் கண்டனங்கள் எங்கள் போதனையைத்தான் குறிவைக்கின்றன, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் நான் பன்னிரண்டு வருடம் அடித்துக்கொண்டிருந்த பொம்மையை அவர்களே முதல் வரியில் அடித்துப்போட்டிருந்தார்கள்.

அத்தானுக்கும் அதே போன்ற ஒரு நாள் வந்தது. விசுவாசம் மட்டும் போதும் என்றால் எப்படி வேண்டுமானாலும் வாழலாமே என்பது அவருடைய பழைய கேள்வி. 1530-இல் லூத்தரைப் பின்பற்றிய லூத்தரன்கள் பேரரசர் முன் வைத்த ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையின் இருபதாவது பிரிவை அனுப்பினேன். எங்கள் போதகர்கள் நற்கிரியைகளைத் தடுக்கிறார்கள் என்பது பொய்க் குற்றச்சாட்டு என்றுதான் அது தொடங்குகிறது. "இதை நீங்க முன்னாடியே காட்டியிருக்கலாமே தம்பி" என்றார். முன்பு காட்டியிருந்தால் இருவருமே படித்திருக்க மாட்டோம்.

வரலாற்றிலும் இதைத்தான் பார்க்கிறேன். 1541-இல் ஜெர்மனியின் ரீகன்ஸ்பர்கில் இரு தரப்புக்கும் இடையே ஒரு பேச்சுவார்த்தை நடந்தது. பாப்பரசரின் தூதராக கர்தினால் கொந்தாரினி வந்திருந்தார். புராட்டஸ்டன்ட் பக்கம் மெலாங்டன், பூசர் என்ற இறையியலாளர்கள் இருந்தார்கள். எல்லாவற்றையும்விடக் கடினம் என்று நினைத்த நீதிமானாக்கப்படுதல் விஷயத்தில் உடன்பாடே வந்துவிட்டது. பிறகு நற்கருணையிலும் (அப்பமும் திராட்சரசமும் பெறும் சடங்கு) திருச்சபையின் அதிகாரத்திலும் பேச்சு முறிந்தது. உடன்பட்ட அந்த ஒரு பகுதியையும் ரோமும் ஏற்கவில்லை, லூத்தரும் ஏற்கவில்லை. அந்தச் சில பேர் ஒருவரையொருவர் நம்பினார்கள், ஆனால் அவர்களை அனுப்பியவர்களிடம் அந்த நம்பிக்கை இல்லை. நான்கே வருடத்தில் திரிதெந்து சங்கம் தொடங்கிவிட்டது.

அதே விஷயத்தில் லூத்தரன் உலக சம்மேளனமும் கத்தோலிக்கத் திருச்சபையும் சேர்ந்து கையெழுத்திட 458 வருடம் ஆனது. 1999 அக்டோபர் 31 அன்று, ஆக்ஸ்பர்க் நகரில். நம்மில் எந்தத் தகுதியும் இல்லாமல், கிருபையால் மட்டும், கிறிஸ்துவில் வைக்கும் விசுவாசத்தில் கடவுள் நம்மை ஏற்கிறார், அதே ஆவியானவர் நற்செயல்களுக்கு நம்மை ஆயத்தப்படுத்துகிறார் என்று இருவரும் சேர்ந்து சொன்னார்கள். மெதடிஸ்டுகள் 2006-இலும், சீர்திருத்த சபைகளின் உலக ஐக்கியம் 2017-இலும் அதனுடன் இணைந்தார்கள். எல்லோரும் ஏற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் மிசூரி சினாட் போன்ற லூத்தரன் சபைகள் அதை நிராகரித்தன, அவர்களுடைய காரணங்களும் படிக்க வேண்டியவையே.

1541-இல் நிற்காதது 1999-இல் எப்படி நின்றது? நடுவில் ஒரு கதவு திறந்தது. 1928-இல்கூடப் பாப்பரசர் பதினோராம் பத்திநாதர், இப்படிப்பட்ட ஐக்கியக் கூட்டங்களில் கத்தோலிக்கர் கலந்துகொள்ளக் கூடாது என்று சுற்றுமடல் எழுதினார். 1964 நவம்பர் 21 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் கிறிஸ்தவ ஒன்றிப்பு பற்றிய விதித்தொகுப்பை வெளியிட்டது. பிரிவினைக்கு இரு பக்கமும் பொறுப்பு என்று அது ஒப்புக்கொண்டது, பிரிந்த சகோதரர்களோடு சேர்ந்து ஜெபிக்க இடம் கொடுத்தது. ஆக்ஸ்பர்க் கையெழுத்துக்கு முன்னால் முப்பது வருடத்துக்கும் மேல் இறையியலாளர்கள் உட்கார்ந்து பேசினார்கள். அவர்கள் பேசியது மேடை விவாதம் இல்லை.

மேடை விவாதங்களைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. கூட்டத்துக்கு முன்னால் நிற்கிறவரால் "நீங்கள் சொல்வது சரி, இதை நான் யோசிக்க வேண்டும்" என்று சொல்ல முடிவதில்லை. சொன்னால் தோல்வி. அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல முடியாத இடத்தில் யாருக்கு என்ன பயன்?

அதற்காக, எல்லாம் ஒன்றுதான், எல்லோரும் கிறிஸ்தவர்கள்தானே, விட்டுவிடுங்கள் என்பவர்களோடும் என்னால் சேர முடியவில்லை. இங்கிலாந்தில் ஒரே நூற்றாண்டில் இரண்டு பக்கமும் உயிரைக் கொடுத்திருக்கிறார்கள். 1556-இல் புராட்டஸ்டன்ட் பேராயர் கிரான்மரை எரித்தார்கள், 1581-இல் சேசு சபைக் குரு எட்மண்ட் கேம்பியனைத் தூக்கிலிட்டார்கள். அவர்கள் சாகுமளவுக்குப் பிடித்துக்கொண்டதை நான் அற்ப விஷயம் என்று சொன்னால் அது இருவருக்கும் செய்யும் அவமரியாதை. அப்புறம், பிரிந்த பிறகு வந்த கோட்பாடுகளும் இருக்கின்றன: மரியா பாவக்கறையின்றிக் கருவானார் என்ற அமல உற்பவம் 1854-இல், விசுவாசப் போதனையை அதிகாரபூர்வமாக வரையறுக்கும்போது பாப்பரசர் தவறமாட்டார் என்ற தவறா வரம் 1870-இல், மரியா உடலோடு விண்ணுக்கு எடுக்கப்பட்டார் என்ற விண்ணேற்பு 1950-இல். இவற்றை விசுவாசக் கட்டளையாக ஏற்க எனக்கு வேதத்தில் ஆதாரம் கிடைக்கவில்லை. அத்தானிடம் இதை நேராகவே சொல்லியிருக்கிறேன். அன்பு இருப்பதால்தான் நேராகச் சொல்ல முடிகிறது.

வலிக்கிற இடமும் ஒன்று உண்டு. அக்கா மகள் புதுநன்மை (முதல் நற்கருணை) வாங்கிய அன்று நான் கோவிலில் இருந்தேன். நற்கருணைக்கு எல்லோரும் வரிசையில் எழுந்து போனார்கள், எங்கள் இருக்கையில் நான் மட்டும் மிஞ்சினேன். கத்தோலிக்கத் திருச்சபை வழக்கமாகத் தன் உறுப்பினர்களுக்கு மட்டுமே நற்கருணை தருகிறது. அந்த ஒழுங்கை மதித்து உட்கார்ந்திருந்தேன். வெள்ளை உடையோடு திரும்பி வந்த பிள்ளை என் காதருகே குனிந்து, "மாமா, நீங்க ஏன் வரல?" என்று கேட்டாள். "மாமாவுக்கும் ஆசைதான்டா" என்று மட்டும் சொன்னேன். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு, லூத்தர் சீர்திருத்தத்தைத் தொடங்கிய 1517-இலிருந்து எப்படி விளக்குவது? அன்று இரவு அத்தான் போனில் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அந்த வரிசையில நீங்க இல்லாதது எனக்கும் கஷ்டமா இருந்துச்சு தம்பி" என்றார். வேறுபாடு எவ்வளவு ஆழமானது என்று எந்த விவாதத்திலும் எனக்கு அப்படி உறைத்ததில்லை.

ஆகவே உங்களுக்கு ஒரு கத்தோலிக்க நண்பரோ புராட்டஸ்டன்ட் நண்பரோ இருந்தால், முதலில் அவரோடு ஒருமுறை ஜெபியுங்கள். ஒரு நற்செய்தி நூலைச் சேர்ந்து வாசியுங்கள். நீங்கள் எப்படி விசுவாசத்துக்கு வந்தீர்கள், எந்த நாளில் கடவுள் உங்களைத் தாங்கினார் என்று சொல்லுங்கள், அவர் சொல்வதையும் கேளுங்கள். வாதம் வரும்போது, அவருடைய நம்பிக்கையை உங்கள் வாயால் சொல்லிப் பாருங்கள். "ஆமாம், நாங்கள் நம்புவது அதுதான்" என்று அவர் தலையாட்டும் வரை மறுப்பைத் தொடங்காதீர்கள். எனக்கு மாதா விஷயத்தில் இது நடக்க மூன்று வாரம் ஆனது. ஆராதனை கடவுளுக்கு மட்டுமே, மாதாவுக்குச் செலுத்துவது வணக்கம் என்று அவர்கள் கோடு போட்டிருப்பதை நான் சரியாகச் சொன்ன பிறகுதான், நடைமுறையில் பலரிடம் அந்தக் கோடு அழிந்துபோகிறதே என்ற என் கவலையை அத்தான் காதுகொடுத்துக் கேட்டார். ஒத்துக்கொள்ளவும் செய்தார். விசுவாசத்துக்குக் காரணம் கேட்பவர்களுக்குச் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் உத்தரவு சொல்லச் சொன்ன பேதுருவின் வார்த்தையை (1 பேதுரு 3:15) நான் வெகுகாலம் "உத்தரவு சொல்ல" என்ற இடத்தில் மட்டுமே வாசித்துக்கொண்டிருந்தேன்.

மாற்கு முடிந்தது, லூக்கா முடிந்தது. இப்போது யோவான் ஆறாம் அதிகாரத்தில் நிற்கிறோம். நகரவே முடியவில்லை. என் மாம்சத்தைப் புசித்து என் இரத்தத்தைப் பானம்பண்ண வேண்டும் என்று ஆண்டவர் சொல்வது அப்படியே நற்கருணையைத்தான் என்கிறார் அத்தான். நான் 63-ஆம் வசனத்தைக் காட்டுகிறேன், ஆவியே உயிர்ப்பிக்கிறது என்று. 1529-இல் ஜெர்மனியின் மார்பர்கில் சுவிஸ் சீர்திருத்தவாதி ட்ஸ்விங்லி லூத்தருக்கு எதிராகக் காட்டியதும் அதே வசனம்தான். பதினைந்து பிரிவுகளில் பதினான்கில் ஒத்துப்போன இருவரும் நற்கருணையில் பிரிந்தார்கள். ஆக, இந்த இடத்தில் நாங்கள் புராட்டஸ்டன்ட்டுகளே எங்களுக்குள் ஒத்துப்போனதில்லை. அதை அத்தானிடம் நானே சொன்னேன், அவர் வெற்றிக்குறி எதுவும் போடவில்லை. "அப்போ அவசரப்பட வேண்டாம், மெதுவாவே படிப்போம்" என்றார். வரும் ஞாயிறு 52-ஆம் வசனத்திலிருந்து மறுபடியும் வாசிக்கிறோம். அந்த முறை ஆரம்ப ஜெபம் அவருடையது.