சென்னை ஜி.எச்.: வரலாறு என்ன, எந்த நோய்க்குப் போகலாம்?

ஜி.எச். என்று சொல்லப்படும் சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையின் வரலாறு என்ன, எந்த நோய்க்கு அங்கே போகலாம் என்று கேள்வியில் இரண்டு விஷயங்கள் உள்ளன. வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1664-ல் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் கிழக்கிந்தியக் கம்பெனிப் படைவீரர்களுக்காகத் தொடங்கிய மருத்துவமனை இது. 1772-ல் இப்போது சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள இடத்துக்கு வந்தது. 1835-ல் மருத்துவப் பள்ளி சேர்ந்தது. அதுவே பிறகு சென்னை மருத்துவக் கல்லூரியானது. முத்துலட்சுமி ரெட்டி படித்தது இங்கேதான்.

பலர் தடுமாறுவது இடத்தில். பச்சைக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு சென்ட்ரலில் இறங்கி ஜி.எச்.சுக்கு ஓடுகிறார்கள். குழந்தைகள் நலம், பிரசவம், கண் மூன்றும் எழும்பூரில் தனித்தனி மருத்துவமனைகள். எல்லாம் இதே கல்லூரியைச் சேர்ந்தவைதான். மாரடைப்பு, பக்கவாதம், விபத்து, சிறுநீரகம், நரம்பியல் என்றால் ஜி.எச்.

புறநோயாளிப் பிரிவுக்கு (ஓ.பி.) காலையிலேயே போய்விடுங்கள். ஓ.பி. சீட்டில் யூனிட் எண், அதாவது உங்களைப் பார்க்கும் மருத்துவர் குழுவின் எண், இருக்கும்; அதைத் தொலைக்காதீர்கள். பொது மருத்துவம், அறுவை சிகிச்சைப் பிரிவுகளில் ஒவ்வொரு யூனிட்டுக்கும் தனி ஓ.பி. நாள் உண்டு. நாள் மாறிப் போனால் உங்களை முன்பு பார்த்த மருத்துவர் இருக்க மாட்டார், புதியவரிடம் முதலிலிருந்து சொல்ல வேண்டிவரும். பழைய ஸ்கேன், டிஸ்சார்ஜ் சம்மரி, சாப்பிடும் மாத்திரை அட்டை எல்லாவற்றையும் ஒரே பையில் வையுங்கள். பெரிய அறுவை சிகிச்சை என்றால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை, ரேஷன் அட்டை, ஆதார் மூன்றும் கையில் இருக்கட்டும்.

நெஞ்சுவலிக்கு மட்டும் ஓ.பி. வரிசையில் நிற்கவே கூடாது. 108-ஐ அழையுங்கள், அல்லது நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.