புது கிளைடரின் முதல் பறப்பு: கேள்வி பதில்

ஒன்றரை மீட்டரிலிருந்து இரண்டு மீட்டர் வரை இறக்கை நீளமுள்ள ரேடியோ கண்ட்ரோல் கிளைடர்களைக் கட்டி முடித்து, முதல் பறப்புக்குக் காத்திருப்பவர்கள் கேட்டவை இவை.

அண்ணா, கிட்டோடு வந்த தாளில் சி.ஜி. (எடை சமன்படும் புள்ளி) 60 மி.மீ. என்று இருக்கிறது. எங்கிருந்து அளப்பது? பேட்டரி போட்டா, போடாமலா?

இறக்கையின் முன்விளிம்பிலிருந்து பின்னோக்கி, உடலை ஒட்டிய இடத்தில் அளந்து இரு பக்கமும் அடியில் குறியிடுங்கள். பேட்டரி, ரிசீவர் (சிக்னலை வாங்கும் கருவி), புரொப்பல்லர், மூடி என எல்லாம் மாட்டி, பறக்கப்போகிற நிலையிலேயே இரு விரல் நுனிகளில் தாங்கிப் பாருங்கள். மட்டமாகவோ மூக்கு சற்றுத் தாழ்ந்தோ நிற்க வேண்டும்.

தாள் இல்லாதவர்கள் இறக்கை அகலத்தில் (முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரை) 30 சதவீதத்தில் தொடங்கலாம். சீராக 200 மி.மீ. அகலமுள்ள இறக்கைக்கு அது 60 மி.மீ. நுனி ஒடுங்கும் இறக்கைக்குச் சராசரி அகலத்தை வைத்துக் கணக்கிட வேண்டும்.

இதில் மட்டும் அவசரப்படாதீர்கள். மூக்கு கனத்த கிளைடர் மந்தமாகத் திரும்பும், சீக்கிரம் இறங்கும், ஆனாலும் சொன்னபடி கேட்கும். வால் கனத்தால் எலிவேட்டரை (மூக்கை ஏற்றி இறக்கும் வால் பலகை) லேசாகத் தொட்டாலே மூக்கு எகிறி, வேகம் செத்து, குப்புற விழும். கையெறி உயரத்தில் அதைத் திருத்த நேரமே கிடைக்காது.

என்னுடையது வால் கனமாக இருக்கிறது. எவ்வளவு ஈயம் வைக்கலாம்?

முதலில் பேட்டரியை எவ்வளவு முன்னே தள்ள முடியும் என்று பாருங்கள். அடுத்து வாலில் தேவையில்லாத பசையோ டேப்போ இருந்தால் எடுங்கள். சி.ஜி.யிலிருந்து 60 செ.மீ. பின்னே இருக்கும் 10 கிராமைச் சமன்செய்ய, 20 செ.மீ. முன்னே 30 கிராம் வேண்டும். வாலில் குறைக்கும் ஒவ்வொரு கிராமும் மூக்கில் மூன்றை மிச்சப்படுத்துகிறது. அதன் பிறகும் தேவைப்பட்டால் ஈயம். பேட்டரி நிற்கும் இடத்தைப் பேனாவால் குறித்துவிடுங்கள். அடுத்த முறை வேறு இடத்தில் வைத்தால் சி.ஜி. மாறிவிடும்.

சார், எல்லா சர்வோவும் (வால், இறக்கைப் பலகைகளை அசைக்கும் சிறு மோட்டார்) அசைகிறது. திசை சரிதானா என்று எப்படி உறுதி செய்வது?

புரொப்பல்லரைக் கழற்றிவிட்டு, விமானத்தின் பின்னால் நின்று பாருங்கள். முன்னால் நின்று பார்த்தால் இடமும் வலமும் குழம்பும். டிரான்ஸ்மிட்டரின் (கையிலுள்ள ரிமோட்) ஸ்டிக்கை உங்கள் பக்கம் இழுத்தால் எலிவேட்டர் மேலே எழ வேண்டும். வலது கொடுத்தால் ரடர் (வாலில் நிமிர்ந்து நிற்கும் பலகை) வலப்பக்கம் திரும்ப வேண்டும். ஐலரான் (இறக்கையின் பின்விளிம்பில் அசையும் பலகை) இருந்தால், வலதுக்கு வலது ஐலரான் மேலே, இடது கீழே. களத்தில் எறிவதற்குச் சற்று முன் இதை மறுபடியும் பாருங்கள்.

எலிவேட்டர் அசைவு மேலே 10, கீழே 10 மி.மீ. போதும்.

பால்சா இறக்கைக்கு ஃபிலிம் ஒட்டியதும் ஒரு நுனி முறுக்கிக்கொண்டது. பறக்குமா?

அப்படியே பறக்கவிடாதீர்கள். முறுக்கை எதிர்ப்பக்கமாகத் திருகிப் பிடித்து, ஹீட் கன்னால் ஃபிலிமைச் சூடாக்கி, ஆறும்வரை பிடித்திருங்கள். இரு நுனிகளிலும் பின்விளிம்பு சமமாகச் சற்று மேலே இருந்தால் நல்லதுதான், மெதுவாகப் பறக்கும்போது நுனி சட்டென்று சரியாது. ஒரு பக்கம் மட்டும் இருந்தால் கிளைடர் ஒரே திசையில் சாயும்.

ரேஞ்ச் சோதனை கட்டாயமா?

கட்டாயம். டிரான்ஸ்மிட்டரை ரேஞ்ச் செக் (சக்தி குறைத்த) நிலையில் வைத்து, அதன் கையேடு சொல்லும் தூரம் நடந்து, சர்வோக்கள் தடையில்லாமல் அசைகின்றனவா என்று ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். ரிசீவரின் இரு ஆன்டெனாக்களும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக, கார்பன் ஃபைபரை விட்டு விலகி இருக்கட்டும். கார்பன் 2.4 கிகாஹெர்ட்ஸ் சிக்னலை மறைக்கும். டிரான்ஸ்மிட்டரை அணைத்தால் மோட்டார் நிற்கும்படி ஃபெயில்சேஃப் (சிக்னல் போனால் வேலை செய்யும் பாதுகாப்பு) வையுங்கள். இதையும் புரொப்பல்லர் இல்லாமலே சோதியுங்கள்.

மோட்டார் இருக்கும்போது கையால் எறிந்து பார்ப்பது எதற்கு?

மோட்டார் இழுக்கும்போது தெரியாத குறை, வெறும் சறுக்கலில் தெரிந்துவிடும். புல் அடர்ந்த இடத்தில், காற்றுக்கு நேர் எதிரே, இறக்கை மட்டமாக, மூக்கை மேலே தூக்காமல் நேராகத் தள்ளிவிடுங்கள். எழும்பி, தயங்கி, விழுந்தால் எறிந்த வேகம் அதிகம் அல்லது வால் கனம். மூக்கு நேராகத் தரைக்குப் போனால் எலிவேட்டர் டிரிம்மை (ஸ்டிக்கைத் தொடாதபோது பலகை நிற்கும் நிலையைச் சற்று மாற்றும் பொத்தான்) கொஞ்சம் மேலே கொடுங்கள். ஒரு எறிக்கு ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள், எது எதைச் சரிசெய்தது என்று அப்போதுதான் புரியும்.

பல்லடம் பக்கம் இருக்கிறேன். ஆடி மாதம், பொறுக்க முடியவில்லை!

உங்கள் ஆசை புரிகிறது. ஆனால் பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக் காற்று வரும் வேகத்தில், இலேசான கிளைடர் முன்னே போகாமல் பின்னே போகும். காற்று அடங்கும் காலையில், வெயில் ஏறுமுன் பறக்கவிடுங்கள். அப்படி ஒரு காலை கிடைக்காவிட்டால் காத்திருங்கள். போகும் முன் அரசின் டிரோன் தளமான டிஜிட்டல் ஸ்கையின் வான்வெளி வரைபடத்தில் உங்கள் இடம் பச்சை மண்டலமா (முன் அனுமதி தேவையில்லாத பகுதி) என்றும் பாருங்கள். அங்கே 400 அடிதான் உச்சவரம்பு.

முதல் பறப்பிலேயே சி.ஜி.யை நுணுக்கமாகச் சரிசெய்யலாமா?

முதலில் டிரிம் மட்டும். கையை எடுத்தாலும் நேராகச் சறுக்கும் நிலைக்கு வரட்டும். பிறகொரு நாள் நல்ல உயரத்திலிருந்து சாய்வாக மூக்கை இறக்கி ஸ்டிக்கை விடுங்கள். மெல்லத் தானே நிமிர்ந்தால் சரி. வெடுக்கென்று நிமிர்ந்தால் மூக்கு கனம், சில கிராம் எடுக்கலாம். இறக்கம் மேலும் செங்குத்தானால் உடனே நீங்களே நிமிர்த்தி, தரையிறக்கி, மூக்கில் எடை சேருங்கள்.